ஸ்தோத்திர ஆராதனைக்குப் பிறகு



சபையின் ஜெபக் குறிப்புகளில் எப்போதாவது இப்படி ஒரு வரி வரும்: இருதய மாற்று சிகிச்சைக்காகக் காத்திருக்கும் பிள்ளைக்கு ஏற்ற இருதயம் சீக்கிரம் கிடைக்க ஜெபிக்கவும். எல்லாரும் ஆமென் சொல்கிறோம். அந்த வரியை வாசிக்கும்போது, இந்த வளைகுடா நாடுகளின் ஆஸ்பத்திரிகளில் நர்ஸ் வேலை பார்க்கிற நாங்கள் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதுண்டு. ஐந்து வயதுப் பிள்ளையின் நெஞ்சுக்குள் நாற்பது வயதுக்காரரின் இருதயம் பொருந்தாது. இரத்த வகை சேர வேண்டும், உடல் எடை ஓரளவு ஒத்துப்போக வேண்டும். அப்படியானால் அந்த இருதயம் பெரும்பாலும் இன்னொரு வீட்டுப் பிள்ளையிடமிருந்துதான் வர வேண்டும்.

அதற்காக ஜெபிக்காமல் இருக்க முடியாது. நம்முடைய ஜெபத்தினால் எந்தப் பிள்ளையும் சாவதில்லை. சாலையிலோ நீச்சல் குளத்திலோ நேரிட்ட விபத்தில் மூளை இறந்துபோன ஒரு பிள்ளை, நாம் ஜெபித்தாலும் ஜெபிக்காவிட்டாலும் அந்தப் பெற்றோருக்குத் திரும்பக் கிடைக்கப்போவதில்லை. ஆனால் ஜெபத்தின் வார்த்தைகளை மாற்றலாம் என்று நாங்கள் நினைக்கிறோம். ஐ.சி.யு. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அந்த முகம் தெரியாத தாய் தகப்பனையும் அதே ஜெபத்தில் சேர்த்துக்கொள்ளலாம். அவர்களிடம் பேசப்போகும் டாக்டருக்கு மெதுவான வார்த்தைகள் வரட்டும் என்று கேட்கலாம்.

இதை நமக்குக் கற்றுத் தந்தது நம்முடைய ஊர்தான். 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தில் ஹிதேந்திரன் என்ற 15 வயது மாணவன் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டான். அப்பா அசோகனும் அம்மா புஷ்பாஞ்சலியும் டாக்டர்கள். மூளைச்சாவு என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அது இன்னும் கொடுமையானது என்று எங்களுக்குத் தோன்றும். நம்பிக்கை வைக்கவும் இடமில்லாமல் போய்விடுகிறது அல்லவா. அவர்கள் மகனுடைய உறுப்புகளைக் கொடுத்தார்கள். சென்னைப் போலீஸ் சாலையைக் காலி செய்து கொடுக்க, தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு அந்த இருதயம் 11 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. ஃப்ரான்டியர் லைஃப்லைன் மருத்துவமனையில் டாக்டர் கே. எம். செரியனின் குழு அதைப் பெங்களூரைச் சேர்ந்த 9 வயதுச் சிறுமிக்குப் பொருத்தியது. அந்த 11 நிமிடத்தை நம் எல்லாருக்கும் தெரியும், சினிமாவிலும் அதைப்போல் பார்த்துவிட்டோம். அந்த வருடமே தமிழ்நாடு அரசு உறுப்பு தானத்துக்குத் தனித் திட்டம் கொண்டுவந்தது. 2023 செப்டம்பரிலிருந்து, உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கிறது.

11 நிமிடம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதற்கு முந்திய மாதங்களையும் பிந்திய வருடங்களையும் யாரும் சினிமாவாக எடுப்பதில்லை. எங்கள் கட்டுரை அவற்றைப் பற்றித்தான். சபையாக நாம் அந்த 11 நிமிடத்துக்கு மிகவும் நன்றாக ஜெபிக்கிறோம். அதற்குப் பிந்திய வருடங்களில் நாம் இருப்பதில்லை.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுகிறோம். இருதயத்தில் ஓட்டை என்று டாக்டர் சொன்னவுடன் இருதயத்தையே மாற்ற வேண்டும் என்று அர்த்தமில்லை. பிறவி இருதயக் கோளாறுகளில் பெரும்பாலானவை தானாகச் சரியாகும், அல்லது மருந்தாலோ குழாய் வழிச் சிகிச்சையாலோ ஆபரேஷனாலோ சரி செய்யப்படும். மாற்று என்பது வேறு வழியே இல்லாதபோது மட்டும். இருதயத் தசையே பலவீனமாகி, வீங்கி, இரத்தத்தைத் தள்ள முடியாமல் போகும் கார்டியோமயோபதி ஒரு காரணம். பல ஆபரேஷன்கள் செய்தும் தாங்காத சிக்கலான பிறவிக் கோளாறு இன்னொரு காரணம்.

இந்தச் சிகிச்சையின் ஆரம்பம் துயரமானது. 1967 டிசம்பர் 3-ஆம் தேதி தென்னாப்பிரிக்காவில் டாக்டர் கிறிஸ்டியான் பர்னார்ட் உலகின் முதல் மனித இருதய மாற்றைச் செய்தார். மூன்றே நாளில் நியூயார்க்கில் டாக்டர் ஏட்ரியன் கான்ட்ரோவிட்ஸ் ஒரு கைக்குழந்தைக்குச் செய்து பார்த்தார். அந்தக் குழந்தை சில மணி நேரமே உயிரோடிருந்தது. புதிய உறுப்பை உடம்பு எதிர்க்காமல் தடுக்கும் சைக்ளோஸ்போரின் மருந்து 1980-களில் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. 1985-இல் கலிஃபோர்னியாவின் லோமா லிண்டாவில் டாக்டர் லெனர்ட் பெய்லி, பிறந்து நான்கு நாளான குழந்தைக்கு வெற்றிகரமாக மாற்றினார். இன்று கைக்குழந்தைப் பருவத்தில் மாற்றுப் பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் 20 வருடம் தாண்டி வாழ்கிறார்கள்.

20 வருடம் என்றால் பள்ளி, கல்லூரி, முதல் வேலை, சிலருக்குக் கல்யாணமும். அத்தனை வருடமும் கூடவே மாத்திரையும் வருகிறது.

நாம் வாழும் நாட்டுக்கு வருவோம். ஐக்கிய அரபு அமீரகத்தில் இறந்தவரிடமிருந்து உறுப்பு எடுத்துப் பொருத்த வழிசெய்த சட்டம் 2016-இல் வந்தது. மூளைச்சாவை எப்படித் தீர்மானிப்பது என்ற விதிமுறை 2017-இல் வந்தது. அந்த டிசம்பரிலேயே அபுதாபி கிளீவ்லண்ட் கிளினிக்கில் நாட்டின் முதல் இருதய மாற்று நடந்தது. சவூதியில் இந்தச் சிகிச்சை இன்னும் பழையது. ரியாத்தின் கிங் ஃபைசல் மருத்துவமனையில் பிள்ளைகளுக்கும் செய்கிறார்கள். 2024-இல் அங்கே 16 வயதுப் பையனுக்கு முழுக்க ரோபோ மூலமாகவே இருதயம் மாற்றியது உலகச் செய்தியானது. ஆகவே வளைகுடாவில் வசதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனாலும் நம் குடும்பங்களுக்கு டாக்டர் அந்த வார்த்தையைச் சொன்னதும், பெரும்பாலும் முதல் யோசனை ‘ஊருக்குப் போய்விடலாமா’ என்பதுதான். செலவு ஒரு காரணம். துபாயின் அடிப்படை மருத்துவக் காப்பீட்டில் ஒரு வருடத்துக்கு உச்சவரம்பு 1,50,000 திர்ஹாம். நல்ல கம்பெனி கொடுக்கும் காப்பீட்டிலும் உறுப்பு மாற்று சேர்ந்திருக்கிறதா என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும். (உங்கள் வீட்டுக் காப்பீட்டில் விலக்கு என்று போட்டிருக்கும் பக்கத்தை இந்த வாரமே ஒருமுறை வாசித்துவிடுங்கள். பிள்ளைகள் எல்லாரும் சுகமாயிருக்கும்போது வாசிப்பதுதான் நல்லது.) இன்னொரு காரணம், சென்னையின் பெயர். 2024-இல் கராச்சியைச் சேர்ந்த 19 வயதுப் பெண்ணுக்குச் சென்னையில் ஒரு டிரஸ்டின் உதவியோடு இருதய மாற்று நடந்தது. எல்லையைத் தாண்டி வந்தவளுக்கு டெல்லியிலிருந்து வந்த இருதயம். அந்தச் செய்தியை அந்த வாரம் எங்களில் யாருக்கு வாட்ஸ்அப்பில் வரவில்லை?

அப்படிக் கிளம்பும்போது குடும்பம் இரண்டாக வெட்டப்படுகிறது. அம்மாவும் நோயுற்ற பிள்ளையும் சென்னையில், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டில். அழைப்பு எப்போது வரும் என்று தெரியாது. எடுத்த இருதயத்தைச் சுமார் நான்கு மணி நேரத்துக்குள் பொருத்த வேண்டும் என்பதால் தூரமாகப் போகவும் முடியாது. காத்திருக்கும் காலத்திலேயே இருதயம் தளர்ந்துவிட்டால், இரத்தத்தைத் தள்ள உடம்புக்கு வெளியே ஒரு பம்ப் வைக்கிறார்கள். வயிற்றுக்கு மேலாகக் குழாய்கள் வெளியே வந்து அந்தப் பம்பில் சேரும். அப்படிப்பட்ட பிள்ளைகள் வார்டில் கலர் பென்சிலோடு படம் வரைந்துகொண்டிருப்பார்கள். பக்கத்தில் இருக்கும் அம்மாவின் கண் மட்டும் மெஷினை விட்டு நகராது.

அப்பா இங்கே. வேலையை விட்டால் சம்பளம் போகும், காப்பீடு போகும், எல்லாருடைய விசாவும் போகும். வருட விடுப்பு 30 நாள். அதை ஆபரேஷனுக்கு என்று சேர்த்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இரவும் வீடியோ காலில் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு, காலியான வீட்டில் படுக்கிறார். வாடகையைக் குறைக்க ஷேரிங் ரூமுக்கு மாறிவிட்டவர்களும் உண்டு. அமீரகத்துக்கு வெளியே ஆறு மாதத்துக்கு மேல் தங்கினால் அம்மாவின் விசாவும் பிள்ளையின் விசாவும் செல்லாமல் போகலாம். திரும்பி வரத் தனி அனுமதி கேட்க வேண்டும், அதற்கு ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஐ.சி.யு.வில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு இது நினைவிருக்குமா? சபையில் டைப்பிங் சென்டரிலும் பி.ஆர்.ஓ. வேலையிலும் இருக்கிற அண்ணன்மாரே, ஐந்தாவது மாதமே நாள் எண்ணிச் சொல்ல உங்களைவிடத் தகுதியானவர் யார்?

அந்த வீட்டில் இன்னொரு பிள்ளையும் இருக்கிறது. அக்காவோ தம்பியோ. பள்ளி இங்கே என்பதால் அப்பாவோடு தங்கிவிட்டது, அல்லது யாரோ ஒரு ஆன்ட்டி வீட்டில் விடப்பட்டது. எங்களைக் கேட்டால் அந்த வீட்டில் எல்லாராலும் மறக்கப்படுவது இந்தப் பிள்ளைதான். பார்ப்பவர்கள் எல்லாரும் அதனிடம் கேட்கும் கேள்வி, ‘தம்பி எப்படி இருக்கான்?’ அதனுடைய பரீட்சை எப்படிப் போனது, அதற்கு இந்த வருடம் பிறந்தநாள் கேக் யார் வெட்டினார்கள் என்று கேட்க ஆளில்லை. வாலிபர் கூட்டத்தில் இருக்கும் உங்களுக்கு இந்த வேலை டாக்டரையும் போதகரையும்விட நன்றாக வரும். வாரம் ஒருநாள் கணக்குப் பாடம் சொல்லிக் கொடுங்கள், ஃபுட்பாலுக்குக் கூப்பிடுங்கள். நோயைப் பற்றி அந்தப் பிள்ளையாகப் பேசினால் கேளுங்கள், நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம்.

பணத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. குழந்தையின் படம், டாக்டர் கடிதம், வங்கிக் கணக்கு எண் எல்லாவற்றையும் போட்டு வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்புவது ஊர்ப் பழக்கம். இங்கே தனி நபர்கள் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டுவது சட்டவிரோதம். 2021-இல் வந்த சட்டத்தின்படி அதற்குச் சிறையும் பெரிய அபராதமும் உண்டு. நல்ல எண்ணம் என்பது அங்கே பதிலாகாது. அமீரகத்தின் செம்பிறைச் சங்கம், துபாயின் அல் ஜலீலா அறக்கட்டளை போன்ற அனுமதி பெற்ற அமைப்புகளிடம் ஆஸ்பத்திரியின் சமூகப் பணியாளர் வழியாக விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்துக்கு மருத்துவ அறிக்கை, சம்பளச் சான்று, வாடகை ஒப்பந்தம் என்று ஏகப்பட்ட காகிதம் வேண்டும். இதையும் அந்த அப்பா டியூட்டி முடிந்து வந்து இரவு பதினொரு மணிக்குத் தனியாகச் செய்ய வேண்டாமே. ஃபார்வர்ட் செய்கிற விரல்கள் கொஞ்சம் ஃபார்ம் நிரப்பவும் பழகட்டும்.

சரி, இருதயம் கிடைத்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பிள்ளை திரும்பி வந்தது. சபையில் ஸ்தோத்திர ஆராதனை, பிரியாணி, போட்டோ. எல்லாருக்கும் கண்ணீர், எங்களுக்கும்தான். அதோடு ஜெபக் குறிப்பிலிருந்து பெயரை எடுத்துவிடுகிறோம்.

உண்மையில் அந்த வீட்டில் அன்றைக்குத்தான் வேறொரு வாழ்க்கை ஆரம்பிக்கிறது. உடம்பு அந்த இருதயத்தை என்றைக்கும் தன்னுடையதாக ஒத்துக்கொள்வதில்லை. எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்க டாக்ரோலிமஸ் போன்ற மருந்தைப் பெரும்பாலும் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, உயிரோடிருக்கும் காலம் முழுவதும் சாப்பிட வேண்டும். குறைந்தால் இருதயத்தை உடம்பு தாக்கும், கூடினால் சிறுநீரகம் கெடும். அதனால் அடிக்கடி இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்கிறார்கள். காலை மாத்திரை போடுவதற்கு முன் இரத்தம் எடுக்க வேண்டும். அதாவது எட்டு மணி மாத்திரைக்காரப் பிள்ளை ஏழரைக்கெல்லாம் லேபில் இருக்க வேண்டும். அப்பா நைட் டியூட்டியில் இருந்தால் யார் கூட்டிப்போவது? ஊருக்கு விமானம் ஏறினால் கடிகாரம் ஒன்றரை மணி நேரம் முன்னே போகிறது, மாத்திரை நேரத்தையும் டாக்டரிடம் கேட்டு அதற்கேற்ப மாற்ற வேண்டும். ஆகஸ்ட் மாதத்தில் மாத்திரைப் பையைக் காரில் வைத்துவிட்டு ஆராதனைக்குள் போய்விடக் கூடாது. சூப்பர் மார்க்கெட்டில் கிரேப்ஃப்ரூட் என்று விற்கும் பழமும் நம் ஊர் பம்ப்ளிமாஸும் மருந்தின் அளவைத் தாறுமாறாக ஏற்றிவிடும், சாப்பிடக் கூடாது. சபை விருந்தில் வெளியே வெகுநேரம் இருந்த பிரியாணியும், பாதி வெந்த முட்டையும், கழுவாத சாலட்டும் அந்தப் பிள்ளைக்கு ஆபத்து.

ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். வகுப்பில் யாருக்காவது சின்னம்மை போட்டிருப்பது தெரிந்தால் அன்றைக்கே அந்தப் பிள்ளையின் அம்மாவுக்குப் போன் செய்யுங்கள். நம் வீடுகளில் அம்மை போட்டதை வெளியே சொல்லத் தயங்குவார்கள். இங்கே அந்தத் தயக்கம் ஒரு பிள்ளையின் உயிர்மேல் விளையாடும். தொற்றுக்கு ஆளானது உடனே தெரிந்தால் ஆஸ்பத்திரியில் செய்வதற்கு வழி உண்டு, நாள் கடந்து தெரிந்தால் வழி குறைகிறது. அதேபோல் சளி பிடித்தவர்கள் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போய்த் தலையில் கை வைத்து ஜெபிக்க வேண்டாம். வீட்டிலிருந்தே ஜெபியுங்கள், கர்த்தருக்குக் கேட்கும்.

விளையாட்டு விழாவில் இன்னொன்று கவனியுங்கள். மாற்று இருதயத்துக்கு நரம்புத் தொடர்பு வெட்டப்பட்டிருக்கிறது. ஓட ஆரம்பித்தவுடன் நம் இருதயம் வேகம் பிடிப்பதுபோல் அது பிடிக்காது, சில நிமிடம் எடுக்கும். ஆகவே முதலில் மெதுவாக நடந்து, பிறகு ஓடட்டும். ஓரத்தில் உட்கார வைத்து ஸ்கோர் எழுதச் சொல்ல வேண்டாம். டாக்டர் அனுமதித்திருந்தால் அந்தப் பிள்ளை விளையாடலாம், விளையாட வேண்டும்.

இப்போது எங்களுக்கு மிகவும் பாரமான விஷயத்துக்கு வருகிறோம். சிறு வயதில் அம்மா கையால் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்ட பிள்ளை, பதினான்கு பதினைந்து வயதில் நிறுத்திவிடுகிறது. உலகம் முழுவதும் இருதய மாற்றுப் பெற்ற வாலிபர்கள் வருடங்கள் கழித்து இருதயத்தை இழப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நிறுத்தினால் மறுநாளே ஒன்றும் ஆவதில்லை என்பதுதான் இதில் மோசம். ஒரு வாரம் நன்றாகவே இருப்பான். ‘பார்த்தீர்களா, ஒன்றும் ஆகவில்லை’ என்பான்.

ஏன் நிறுத்துகிறார்கள்? ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் வட்டமாக வீங்கும். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஒரு ஆன்ட்டி கன்னத்தைக் கிள்ளி, ‘என்னடி, நல்லா பூசணிக்காய் மாதிரி ஆயிட்டே’ என்பார். அன்பாகத்தான் சொல்கிறார். அவள் அன்று இரவு வீட்டுக்குப் போய்க் கண்ணாடியைப் பார்த்துவிட்டு மாத்திரையைக் குப்பைத் தொட்டியில் போடுகிறாள். வாலிப முகாமுக்குப் போனால் எல்லார் முன்னாலும் மாத்திரை டப்பாவைத் திறக்க வெட்கம். அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்கும் நண்பன், ‘எட்டு மணியாச்சு, வா தண்ணி குடிச்சிட்டு வரலாம்’ என்று எழுந்து கூடப் போனால் போதும். டாக்டரின் அரை மணி நேர அறிவுரைக்கு அந்த ஒரு வரி சமம்.

இன்னொரு காரணம் நம்முடைய மேடை. எல்லாச் சபையிலும் இல்லை, ஆனால் நாங்கள் கேட்டிருக்கிறோம். சுகம் பெற்ற பிள்ளை என்று மேடையில் ஏற்றி, சாட்சி சொல்ல வைத்து, இனி மருந்தே தேவையில்லை என்று விசுவாசிக்கிறாயா என்று மைக்கில் கேட்பது. பதினைந்து வயதுப் பிள்ளை முந்நூறு பேர் முன்னால் இல்லை என்றா சொல்லும்? அதற்குப் பிறகு மாத்திரை சாப்பிடும் ஒவ்வொரு முறையும் அது தனக்கு விசுவாசம் இல்லை என்று நினைத்துக்கொண்டே சாப்பிடும். நாங்கள் இதைத் தெளிவாக எழுதிவிட விரும்புகிறோம்: யாருடைய ஜெபத்துக்குப் பிறகும், எந்தக் கூட்டத்துக்குப் பிறகும், டாக்டர் சொல்லாமல் அந்த மாத்திரையை நிறுத்தக் கூடாது. நிறுத்தச் சொல்பவர் எவ்வளவு பெரிய ஊழியக்காரராக இருந்தாலும் இதுதான் எங்கள் பதில். பவுலோடு பயணம் செய்த லூக்கா வைத்தியன் என்று ஓய்வுநாள் பள்ளியிலேயே படித்திருக்கிறோமே. அந்தப் பிள்ளையின் சாட்சியைக் கேட்க உங்களுக்கு ஆசை இருந்தால் கேளுங்கள், ஆனால் அது தானாகச் சொல்ல முன்வரும்வரை பொறுத்திருந்து கேளுங்கள். சில பிள்ளைகள் தாங்கள் ஏன் பிழைத்தோம், அந்த இன்னொரு பிள்ளை ஏன் பிழைக்கவில்லை என்று இரவில் நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள். அதற்கு மேடையில் பதில் இல்லை. உட்கார்ந்து கேட்கும் ஒரு அக்காவோ அண்ணனோ இருந்தால் நல்லது.

எல்லாப் பிள்ளைகளும் திரும்பி வருவதில்லை என்பதையும் சொல்லாமல் விட முடியாது. சிலர் காத்திருக்கும்போதே போய்விடுகிறார்கள். சிலருக்கு ஆபரேஷனுக்குப் பிறகு. அப்போது ‘இன்னும் கொஞ்சம் ஜெபித்திருக்கலாம்’ என்ற வார்த்தை யார் வாயிலிருந்தும் வர வேண்டாம். சாப்பாடு கொண்டுபோங்கள், பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு வாருங்கள். மூன்றாவது மாதத்தில் மறுபடியும் போங்கள், அப்போது அந்த வீட்டில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

உறுப்பு தானத்தைப் பற்றிக் கடைசியாக. அமீரகத்தில் எமிரேட்ஸ் ஐடி உள்ள பெரியவர்கள் ‘ஹயாத்’ என்ற அரசுத் திட்டத்தில் பதிவு செய்யலாம், வெளிநாட்டவர் என்றாலும். எங்களில் பலர் பதிவு செய்திருக்கிறோம். நம் சபைகளில் முதியவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: உயிர்த்தெழுதலில் உடம்பு முழுசாக இருக்க வேண்டாமா? கேலி செய்யாமல் பதில் சொல்லுங்கள், அவர்கள் உண்மையான பயத்தோடுதான் கேட்கிறார்கள். கடலில் மூழ்கினவர்களையும் தீயில் வெந்தவர்களையும் எழுப்புகிறவருக்கு ஒரு இருதயம் இன்னொரு நெஞ்சில் துடிப்பது தடையாகாது என்று நாங்கள் சொல்வோம். பதிவு செய்வதோடு வீட்டில் சொல்லியும் வையுங்கள். அந்த நேரத்தில் முதலில் பேசப்போவது உங்கள் அம்மாவிடமும் அப்பாவிடமும்தான். முன்பே தெரிந்திருந்தால் அவர்களுக்கு அந்தப் பாரம் கொஞ்சம் குறையும். பெற்றோரே, பிள்ளைகளைப் பற்றிய இந்தக் கேள்வியை நீங்கள் இருவரும் ஒருமுறையாவது பேசிவைத்திருக்கிறீர்களா? எங்களுக்கும் அந்தப் பேச்சு வீட்டில் எளிதாக இல்லை.

கப்பர்நகூமில் திமிர்வாதக்காரனை நாலு பேர் சுமந்துகொண்டு வந்து கூரையைப் பிரித்து இறக்கின கதையை நமக்கு எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறார்கள். நர்ஸ்கள் நாங்கள் அதில் எப்போதும் பார்ப்பது நாலு என்ற எண்ணைத்தான். ஒரு ஆள் தனியாகச் சுமந்தால் முதுகு போய்விடும். எங்கள் வேலையில் ஷிஃப்ட் வைத்திருப்பதும் அதனால்தான்.

அதனால் சபைச் செயலரிடம் கேட்டு அலுவலகத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். இப்போது யாருக்கும் இருதய மாற்று இல்லாவிட்டாலும், டயாலிசிஸுக்குப் போகிறவர்களும் கீமோ எடுக்கிற ஒரு தாயும் நம் நடுவில் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்தே ஆரம்பிக்கலாம். பெயர் எழுதும்போது எந்தக் கிழமை, எத்தனை மணி, கார் உண்டா இல்லையா என்பதையும் எழுதுங்கள். ‘எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்’ என்று மட்டும் எழுத வேண்டாம், அப்படி எழுதினவர்களை யாரும் கூப்பிட்டதேயில்லை.